தலையணைக்கு அடியில் ஒரு நாவல்: பெண்கள் படிக்கும் காதல் கதைகளுக்கு ஏன் இந்த ஏளனம்?

தோட்டங்களில் ஒரு காலத்தில் மாத நாவல் ஒன்று வந்தால் அது ஒரு வீட்டோடு நிற்காது. லயத்தின் ஒரு முனையில் புறப்பட்டு மறுமுனை வரை போய்த் திரும்பும்போது அட்டை கிழிந்திருக்கும். ஓரத்தில் குழம்புக் கறையும் இருக்கும். படித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடியலுக்கு முன்பே எழுந்து பால்மரம் வெட்டப் போய், பால் எடுத்து, வீடு திரும்பிச் சமைத்து, துணி துவைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் நாலைந்து பக்கம் படிப்பார்கள். வாசலில் ஆண்களின் செருப்புச் சத்தம் கேட்டால் புத்தகம் தலையணைக்கு அடியில் போய்விடும்.

இன்று லயங்கள் பல இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். கதைகளும் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டன. ஆனால், மறைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தால் திரை அணைகிறது. “சும்மா பொழுதுபோக்குக்கு” என்று ஒரு சமாதானமும் சொல்லப்படுகிறது.

துப்பறியும் நாவல் படிக்கும் ஆணிடம் இப்படி யாரும் விளக்கம் கேட்பதில்லை. கொலையும் துப்பாக்கியும் நிறைந்த கதை அவருக்குப் பொழுதுபோக்கு. ஒரு பெண்ணும் ஆணும் நேசிக்கும் கதை மட்டும் ஏன் வெட்கத்துக்கு உரியதாகிறது? அதைப் பெண் எழுதி, பெண் படித்தால் ஏன் இன்னும் கூடுதலான ஏளனம்? இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த ஏளனத்துக்கு நடுவே சில நியாயமான குறைகளும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

எல்லாம் ‘அந்த மாதிரி’ புத்தகமா?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேச்சு வழக்கில் ‘அந்த மாதிரி கதை’ என்று ஒரே மூட்டையில் கட்டப்படுபவை உண்மையில் மூன்று வகை.

முதல் வகை காதல் நாவல். கதையின் நடுவில் இருப்பது இருவரின் உறவு. இடையில் பிரிவும் சண்டையும் தப்பெண்ணமும் வரும். முடிவில் இருவரும் சேர்வார்கள். இந்த நல்ல முடிவு வாசகருக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு போன்றது. அது தவறினால் அந்த நூலைக் காதல் நாவல் என்றே வாசகிகள் ஒப்புக்கொள்வதில்லை. தமிழில் வந்த பெரும்பாலான குடும்ப நாவல்கள் இந்த வகைதான். அவற்றில் படுக்கையறைக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும்.

இரண்டாவது வகை, உடல் ஆசையையும் வெளிப்படையாகப் பேசும் காதல் கதை. இங்கேயும் உறவுதான் மையம். ஆனால், பெண்ணின் ஆசை, தயக்கம், இன்பம் ஆகியவை அவள் பார்வையிலிருந்து சொல்லப்படும். 2011-ஆம் ஆண்டு இ. எல். ஜேம்ஸ் என்ற பிரிட்டிஷ் பெண்மணி எழுதி வெளிவந்த ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ இதற்கு உலகறிந்த உதாரணம். அந்த நாவல் வரிசை 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதைத் தழுவிய திரைப்படத்துக்கு 2015-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்படத் தணிக்கை வாரியம் அனுமதி மறுத்தது.

மூன்றாவது வகை, ஆண்களுக்காக அச்சிடப்பட்ட மஞ்சள் புத்தகங்கள். ஊசி போட்ட மலிவுத் தாளில், முகவரி இல்லாத அச்சகத்தில் அச்சாகி, பேருந்து நிலையக் கடைகளில் மற்றப் பத்திரிகைகளுக்கு அடியில் வைத்து விற்கப்பட்டவை. அட்டையில் சில வேளை பெண் பெயர் இருக்கும். அது ஆண் வாசகரை இழுப்பதற்காகப் போட்ட பெயர். அந்தக் கதைகளில் பெண்ணுக்கு மனம் என்று ஒன்று இருக்காது.

முதல் இரண்டு வகைகளைப் படிக்கும் பெண்கள் மீது மூன்றாவது வகையின் கறையும் சேர்த்துப் பூசப்படுகிறது. பாதிப் பிரச்சினை இங்கேயே தொடங்குகிறது.

பாட்டிமார் காலத்திலிருந்தே வந்த ஏச்சு

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் நாவல்கள் அச்சாகி ஆயிரக்கணக்கில் விற்கத் தொடங்கியபோது, கற்றவர்கள் பலர் பதறிப்போனார்கள். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் மர்ம நாவல்களும் காதல் நாவல்களும் இளையோரைக் கெடுக்கும் என்று பேசினார்கள். அதிலும் குடும்பப் பெண்கள் நாவல் படித்தால் வீடு என்ன ஆகும் என்பதுதான் பெரிய கவலை.

அந்தக் காலத்தில்தான் வை. மு. கோதைநாயகி அம்மாள் எழுத வந்தார். 1901-ஆம் ஆண்டு பிறந்த அவருக்குச் சிறு வயதிலேயே திருமணம் நடந்துவிட்டது. பள்ளிக்கூடம் போனவர் அல்லர். மனத்தில் இருந்த முதல் படைப்பான நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். பிறகு தாமே எழுதக் கற்றுக்கொண்டார். 1925-ஆம் ஆண்டு ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, 100-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். ஆனாலும், தமிழ் இலக்கிய வரலாறு என்று எழுதப்பட்ட பல நூல்களில் அவருக்குக் கிடைத்த இடம் சில வரிகள்தான். காரணம், அவர் எழுதியது ‘பெண்கள் படிக்கும் கதை’.

அடுத்து வந்தவர் லட்சுமி. திரிபுரசுந்தரி என்ற இயற்பெயர் கொண்ட இந்த மருத்துவர், மருத்துவம் படிக்கும்போதே தொடர்கதை எழுதி, அந்த வருமானத்தைப் படிப்புச் செலவுக்குப் பயன்படுத்தினார். நீண்ட காலம் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தவர். வேலைக்குப் போகும் பெண், கணவனால் கைவிடப்பட்ட பெண், மாமியார் வீட்டில் திணறும் பெண் என்று அவர் எழுதியதை வாசகிகள் தங்கள் கதையாகவே எடுத்துக்கொண்டார்கள். ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக 1984-ஆம் ஆண்டு அவருக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ‘குடும்பக் கதை எழுதுபவருக்கா விருது’ என்ற முணுமுணுப்பு அப்போதும் இல்லாமல் இல்லை.

ரமணிசந்திரன் இந்த வரிசையில் தனி இடம் பிடித்தவர். 1970-ஆம் ஆண்டு ‘ஜோடிப் புறாக்கள்’ என்ற கதையோடு தொடங்கி 100-க்கும் அதிகமான நாவல்கள் எழுதியிருக்கிறார். தமிழில் மிக அதிகம் விற்கும் எழுத்தாளர்களில் அவர் ஒருவர். அவர் கதாநாயகி பெரும்பாலும் தன்மானம் உள்ளவள்; கதாநாயகன் வசதியானவன், கொஞ்சம் முரடன், உள்ளுக்குள் நல்லவன். நடுத்தரக் குடும்பத்து வீடு, அத்தை, சித்தி, ஒரு தப்பெண்ணம், இறுதியில் திருமணம் அல்லது மனம் ஒன்றிய வாழ்வு. கதை எங்கே போய் முடியும் என்பது வாசகிக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். தெரிந்தேதான் படிக்கிறாள்.

இந்த ஏளனம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. 1856-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் எலியட், பெண்கள் எழுதும் அசட்டு நாவல்களைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரையே எழுதினார். ஜார்ஜ் எலியட் என்பது ஒரு பெண்ணின் புனைபெயர். பிற்காலத்தில் தம் நாவல்கள் மதிப்போடு படிக்கப்பட வேண்டும் என்பதற்காக ஆண் பெயரில் எழுதினார். அவர் சொன்ன குறைகளில் நியாயம் இருந்தது. ஆனால், ஆண்கள் எழுதிய அசட்டு நாவல்களுக்கும் அப்போது பஞ்சம் இல்லை. அவற்றுக்கு ‘ஆண்கள் நாவல்’ என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

தமிழுக்கு இது புதிய சரக்கா?

‘இந்தக் காதல், ஆசை எல்லாம் வெள்ளைக்காரனிடமிருந்து வந்தவை, தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை’ என்று மேடைகளில் கேட்பதுண்டு. சங்க இலக்கியத்தைப் புரட்டியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சங்கப் பாடல்களில் பெரும்பகுதி அகம். அதாவது காதல். தொல்காப்பியம் அதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. திருமணத்துக்கு முன் மறைவாக வளரும் காதலுக்குக் ‘களவு’ என்று பெயர். திருமணத்துக்குப் பின் வருவது ‘கற்பு’. காதலனோடு பெண் வீட்டை விட்டுப் போவதற்கு ‘உடன்போக்கு’. ஊர் வாய் பேசும் வம்புக்கு ‘அலர்’. இத்தனைக்கும் சொல் வைத்திருந்த சமூகம் காதலை அறியாத சமூகம் அல்ல. அகப்பாடலில் தலைவன், தலைவி பெயரைச் சொல்லக் கூடாது என்ற விதியும் உண்டு. ஊரார் வாயில் ஒரு பெண்ணின் பெயர் சிக்காமல் காக்கும் ஏற்பாடு போலவும் அதைப் பார்க்கலாம்.

அந்தப் பாடல்களை எழுதியவர்களில் ஒளவையார், வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார் முதலிய பெண்பாற் புலவர்கள் 30 பேருக்கு மேல் இருக்கிறார்கள். பிரிவில் வாடும் உடலைப் பற்றியும், தூக்கம் வராத இரவைப் பற்றியும் அவர்கள் ஒளிவு மறைவு இன்றிப் பாடினார்கள்.

ஆண்டாளை எடுத்துக்கொள்ளலாம். மார்கழியில் மலேசியக் கோயில்களிலும் 30 பாசுரம் கொண்ட திருப்பாவை ஒலிக்கிறது. அதே ஆண்டாள் எழுதிய நாச்சியார் திருமொழி 143 பாசுரங்கள் கொண்டது. அதில் கண்ணனோடு தனக்குத் திருமணம் நடப்பதாக அவர் காணும் கனவு, வைணவத் திருமணங்களில் இன்றும் பாடப்படுகிறது. உடல் ஏக்கத்தை வெளிப்படையாகச் சொல்லும் மற்றப் பாசுரங்கள் அந்த அளவுக்கு ஒலிப்பதில்லை. பக்தி என்று ஏற்றுக்கொண்ட பிறகும், ஒரு பெண்ணின் ஆசை எந்த அளவுக்குக் கேட்கலாம் என்று ஒரு கோடு போடப்பட்டிருக்கிறது.

தஞ்சாவூரில் எழுதிய நூலும் சென்னையில் விழுந்த தடையும்

அந்தக் கோடு எப்படிப் போடப்படுகிறது என்பதற்கு முத்துப்பழனியின் கதை தெளிவான சான்று.

18-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் ஆண்டபோது, அவரது அவையில் இருந்த கவிஞர் முத்துப்பழனி. தேவதாசி மரபைச் சேர்ந்தவர். அந்த அவையின் இலக்கிய மொழிகளில் ஒன்றான தெலுங்கில் ‘ராதிகா சாந்தவனம்’ என்ற காவியத்தை எழுதினார். ராதை தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்கு மணம் முடித்து வைக்கிறாள். முதல் இரவுக்கான அறிவுரையையும் இருவருக்கும் சொல்கிறாள். பிறகு பொறாமையிலும் பிரிவிலும் துடிக்கிறாள். கண்ணன் வந்து அவளைத் தேற்றுகிறான். பெண்ணின் ஆசையையும் இன்பத்தையும் முன்னே வைத்துப் பாடிய நூல் அது. எழுதிய காலத்தில் அதற்காக அவரை யாரும் விரட்டவில்லை. அவையில் மதிப்போடு இருந்தார்.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்த நூல் பெங்களூர் நாகரத்தினம்மாள் கைக்கு வந்தது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கோயிலாகக் கட்டி எழுப்பியவர் என்று இசை அன்பர்களுக்கு அவரைத் தெரியும். முந்தைய அச்சுப் பதிப்பில் பகுதிகள் விடுபட்டிருப்பதைக் கண்ட அவர், சுவடியைத் தேடிப் பெற்று, 1910-ஆம் ஆண்டு முழு நூலையும் பதிப்பித்தார்.

ஆந்திரத்துச் சீர்திருத்தவாதியும் அறிஞருமான கந்துகூரி வீரேசலிங்கம், முத்துப்பழனியை ஏற்கெனவே கடுமையாகச் சாடியிருந்தார். பெண்ணின் வாயிலிருந்து வரக் கூடாத சொற்கள் அந்த நூலில் இருப்பதாக அவர் கருதினார். அதற்கு நாகரத்தினம்மாள் பதில் எழுதினார். வெட்கம் பெண்களுக்கு மட்டும்தான் உரியதா என்பது அவர் வாதத்தின் சாரம். சிருங்காரம் மிகுந்த ஆண் கவிஞரின் நூலை அதே அறிஞர் பரிசோதித்து வெளிவர உதவியதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

1911-ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு நூலை ஆபாசம் என்று சொல்லிப் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. அறிஞர்கள் பலர் எதிர்த்தும் பயன் இல்லை. த. பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது எடுத்த முயற்சியால் 1947-ஆம் ஆண்டுதான் தடை நீங்கியது. 1952-ஆம் ஆண்டு நூல் மீண்டும் அச்சானது. நாகரத்தினம்மாள் காலமானதும் அதே ஆண்டில்தான்.

ஆண் கவிஞர்கள் எழுதிய சிருங்கார நூல்களையும் உலாக்களையும் தூதுகளையும் அறிஞர்கள் இலக்கியமாகவே போற்றினார்கள். அதே பொருளைப் பெண் எழுதியபோது அது சமூகத்துக்கே ஆபத்தானது. 2000-களின் தொடக்கத்தில் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ கவிதைத் தொகுப்புக்குத் தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பிலும் இதே குரல் கேட்டது. சொன்னது என்ன என்பதைவிட, சொன்னது யார் என்பதுதான் பலரைச் சீண்டியது.

தோட்டத்திலிருந்து தொழிற்சாலை வரை

மலாயாவில் காதல் கதைகள் கப்பல் ஏறித்தான் வந்தன. குமுதம், ராணி, ஆனந்த விகடன் போன்ற இதழ்களோடு, ராணிமுத்து, மாலைமதி, கண்மணி போன்ற மாத நாவல்களும் பட்டணத்துக் கடைகளுக்கு வந்தன. சம்பள நாளில் பட்டணம் போகிறவர்கள் வாங்கி வருவார்கள். பழைய பிரதிகள் பாதி விலைக்குக் கைமாறும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் மகள் வாசித்துக் காட்டுவதும் உண்டு. அப்படி வாசிக்கும்போது சில பத்திகளை மகள் தாண்டிப் போவதும், தாண்டியதை அம்மா கண்டுபிடிப்பதும் பல வீடுகளில் நடந்த வேடிக்கை.

1972-ஆம் ஆண்டு பினாங்கு பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்த பிறகு, மின்னியல் தொழிற்சாலைகளுக்கு இளம்பெண்கள் தேவைப்பட்டார்கள். தோட்டத்துப் பெண்களும் போனார்கள். முதன்முறையாகத் தன் கையில் தன் சம்பளம். விடுதியில் தனிக் கட்டில். தொழிற்சாலைப் பேருந்தில் நீண்ட பயணம். நாவல் படிக்க வசதியான சூழ்நிலை இது. இந்தப் பெண்களைப் பற்றி ஊரில் எழுந்த பேச்சும் நாவலைப் பற்றி எழுந்த பேச்சும் ஏறக்குறைய ஒன்றுதான்: கட்டுப்பாடு இல்லாமல் கெட்டுப் போகிறார்கள்.

அதே காலத்தில் பட்டணத்தில் ஆங்கிலம் படித்த பெண்கள் மில்ஸ் அண்ட் பூன் நாவல்களைப் படித்தார்கள். 1908-ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கிய இந்த நிறுவனம் முதலில் எல்லா வகை நூல்களையும் வெளியிட்டது. 1930-களில்தான் காதல் நாவலுக்கு முழுமையாகத் திரும்பியது. அந்த மெல்லிய நூல்களும் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்தே படிக்கப்பட்டன. மொழி வேறு, வசதி வேறு; ஒளிப்பது மட்டும் ஒன்று.

பெண்கள் ஏன் படிக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைப் பெண்களிடமே கேட்டவர் அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு புத்தகக் கடைக்கு வரும் காதல் நாவல் வாசகிகளுடன் பேசி, 1984-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. அந்தப் பெண்களில் பலர் திருமணமானவர்கள், தாய்மார்கள்.

அவர்கள் சொன்னதில் முக்கியமானது இது: கையில் புத்தகம் இருக்கும் நேரம் அவர்களுடைய நேரம். நாள் முழுவதும் கணவன், பிள்ளை, வீடு என்று மற்றவர்களைக் கவனிக்கிறார்கள். அவர்களைக் கவனிக்க ஆள் இல்லை. கதையில் ஒருவன் ஒரு பெண்ணை முழுமையாகக் கவனிக்கிறான். அவள் என்ன நினைக்கிறாள் என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அந்தக் கவனிப்பைக் கதையிலாவது பெறுகிறார்கள்.

தோட்டத்துப் பெண்ணுக்கும் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் இது புரியாத விஷயமல்ல. வீட்டில் சண்டை வருவது கதையில் இருக்கும் முத்தத்துக்காக மட்டுமல்ல. அவள் அரை மணி நேரம் யாருக்கும் எட்டாமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு காரணம். ‘புத்தகத்தை வைத்துவிட்டுச் சோறு போடு’ என்ற அதட்டலில் ஒழுக்கக் கவலையைவிடச் சோற்றுக் கவலையே அதிகம்.

நியாயமான குறை எது?

ஏளனம் தவறு என்பதால் இந்தக் கதைகளில் குறையே இல்லை என்று ஆகிவிடாது. கதாநாயகி சிவப்பாகவே இருக்கிறாள். கதாநாயகன் பணக்காரனாகவே இருக்கிறான். சாதி என்ற பேச்சே வருவதில்லை. எல்லாரும் ஏற்கெனவே பொருத்தமான சாதியில் பிறந்தவர்கள் போல் கதை நடக்கிறது. வெட்டுக்காரப் பெண்ணோ, துப்புரவு வேலை செய்யும் பெண்ணோ காதலுக்கு உரியவளாக வருவது மிக அரிது.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கதாநாயகன் அறைகிறான், மிரட்டுகிறான், கட்டாயமாகத் தாலி கட்டுகிறான், அவள் விருப்பத்தைக் கேட்காமல் நெருங்குகிறான். பிறகு அதெல்லாம் அவன் காதலின் ஆழம் என்று கதை சொல்கிறது. இணையத்தில் வரும் தமிழ்த் தொடர்கதைகளில் இத்தகைய முரட்டு நாயகனுக்குத் தனி ரசிகைகளே இருக்கிறார்கள்.

மலாய் வாசகர்களிடமும் இந்த விவாதம் நடந்தது. ஃபவுசியா அஷாரி எழுதிய ‘ஓம்பாக் ரிண்டு’ என்ற காதல் நாவல் மிகப் புகழ் பெற்றது. 2011-ஆம் ஆண்டு திரைப்படமாகி வசூலைக் குவித்தது. மாமனால் விற்கப்பட்ட ஒரு பெண், தன்னைக் கெடுத்தவனையே மணந்துகொண்டு, பிறகு அவனை நேசிக்கும் கதை அது. கண்ணீர் விட்டவர்களும் உண்டு. வன்கொடுமைக்குக் காதல் என்று பெயர் சூட்டலாமா என்று கேட்டவர்களும் உண்டு.

இந்தக் கேள்விக்கு நிஜ வாழ்க்கையில் கனம் உண்டு. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 375ஏ பிரிவின்படி, உடலுறவுக்காக மனைவிக்குக் காயம் விளைவிக்கும் அல்லது காயம் ஏற்படும் என்று அச்சுறுத்தும் கணவனுக்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். சிங்கப்பூரில் 2020-ஆம் ஆண்டு முதல், திருமணம் என்ற காரணத்தால் கணவனுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு முழுமையாக நீக்கப்பட்டது. கதையில் ‘உரிமை’ என்று எழுதப்படுவது, நிஜத்தில் குற்றமாக இருக்கலாம்.

ஆனால், வாசகிகளை ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைப்பதும் தவறு. ராட்வே பேசிய பெண்களே வன்கொடுமையும் சித்திரவதையும் நிறைந்த நாவல்களை மோசமானவை என்று ஒதுக்கினார்கள். எது நல்ல காதல் கதை, எது கெட்ட கதை என்று அவர்களிடம் ஓர் அளவுகோல் இருந்தது. அந்த அளவுகோலைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கைத்தொலைபேசிக்குள் வந்த பிறகு

மின்னூலுக்கு அட்டை கிடையாது. பக்கத்தில் இருப்பவருக்கு என்ன படிக்கிறார் என்று தெரியாது. ‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’ அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தமிழிலும் பிரதிலிபி போன்ற செயலிகளில் பெண்கள் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறார்கள். சமையலுக்கு நடுவே எழுதியதை அன்றிரவே வாசகிகள் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். பதிப்பாளர் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை.

இதில் இரண்டு எச்சரிக்கை தேவை. ஒன்று சட்டம். மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 292-ஆவது பிரிவு ஆபாசமான நூல்களை விற்பதையும் பரப்புவதையும் தடுக்கிறது. இணையத்தில் வெளியிடுவதற்குத் தொடர்பு, பல்லூடகச் சட்டமும் பொருந்தும். நாவல் எழுதுகிறோம் என்ற எண்ணத்தில் எல்லை தெரியாமல் வெளிப்படையாக எழுதிப் பகிர்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வயது. செயலியில் குடும்பக் கதைக்குப் பக்கத்திலேயே வெளிப்படையான கதையும் கிடக்கிறது. 13 வயதுப் பிள்ளையும் அதைத் திறக்கலாம். கைத்தொலைபேசியைப் பிடுங்கி வைப்பது ஒரு நாளைக்குத்தான் உதவும். மறுநாள் தோழியின் கைத்தொலைபேசியில் அதே கதை இருக்கும்.

அதைவிடப் பயன் தருவது பேச்சு. மகள் படிக்கும் கதையை அம்மாவும் ஒருமுறை படிக்கலாம். ‘அவன் அவளிடம் கேட்டானா? அவள் வேண்டாம் என்றபோது நிறுத்தினானா? அறைந்தவனை அவள் ஏன் மன்னித்தாள்? நீயாக இருந்தால் மன்னிப்பாயா?’ என்று கேட்கலாம். நேருக்கு நேர் பேசக் கூச்சமான விஷயங்களைக் கதைப் பெண்ணின் பெயரைச் சொல்லிப் பேசுவது எளிது. அகப்பாடலில் தோழியும் செவிலியும் செய்த வேலையும் ஏறக்குறைய இதுதான்.

இந்தப் பேச்சில் மகன்களும் இருந்தால் நல்லது. பெண்கள் எழுதிய காதல் கதையை ஓர் ஆண் படித்தால், தன் மனைவியோ மகளோ எதற்கு ஏங்குகிறார் என்று அவருக்குக் கொஞ்சமாவது தெரியவரும். பெரும்பாலான கதைகளில் அந்த ஏக்கம் மிகச் சாதாரணமானது: தான் பேசும்போது ஒருவர் கேட்க வேண்டும், களைத்து வரும்போது ஒருவர் தேநீர் கலக்கித் தர வேண்டும், தன் சம்மதத்துக்கு மதிப்பு இருக்க வேண்டும். இவற்றைத் தலையணைக்கு அடியில் மறைத்துப் படிக்க வேண்டிய நிலை எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது.